அரியேத்தேவா, சென்டவுரோவா? போருக்குப் பிந்தைய இத்தாலியின் இரண்டு கவச டிவிஷன்கள்

இத்தாலியின் டாங்கிப் படை என்றதும் அரியேத்தே என்ற பெயர்தான் முதலில் வருகிறது. பீர் எல் குபி, எல் அலமைன் என்று வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் அது சம்பாதித்த பெயர் அப்படி. இந்திய ராணுவ வரலாறு படித்தவர்களுக்கும் அது தெரிந்திருக்கும்; 1942 மே 27 அன்று பீர் ஹக்கீமுக்குத் தென்கிழக்கே 3ஆவது இந்திய மோட்டார் பிரிகேடின் நிலைகளை நசுக்கிக்கொண்டு போனது அரியேத்தேயின் டாங்கிகள்தான். அதே ஆண்டு நவம்பரில் எல் அலமைனில் அந்த டிவிஷன் அழிந்துபோனது. அல்பேனியாவிலும் கிரேக்கத்திலும் துனீசியாவிலும் சண்டையிட்ட இன்னொரு இத்தாலிய டாங்கி டிவிஷனான சென்டவுரோவும் 1943இல் கலைந்தது.

போர் முடிந்த பிறகு இரண்டுமே மறுபடி எழுந்தன. 1952 முதல் 1986 வரை இரண்டும் ஒரே தகுதியில், ஒரே ராணுவத்தின் கவச டிவிஷன்களாக, அதாவது டாங்கிகளை மையமாகக் கொண்ட பெரும் படைப்பிரிவுகளாக, இருந்தன. இன்று அரியேத்தே இருக்கிறது, சென்டவுரோ இல்லை. புகழ்தான் இதற்குக் காரணம் என்று பலர் நினைக்கிறார்கள். என் கருத்து வேறு. இந்த இரண்டையும் வேறுபடுத்தியது அவற்றைக் கொண்டுபோய் வைத்த நிலம். உள்ளமைப்பு, ஆயுதம், ஆட்கள், கடைசியில் தலைவிதி எல்லாமே அங்கிருந்துதான் கிளம்புகிறது.

இருநூறு டாங்கிகள்

1947இன் பாரிஸ் அமைதி ஒப்பந்தம் இத்தாலியின் கையைக் கட்டிப்போட்டிருந்தது. ராணுவத்துக்கு 1,85,000 பேர், கராபினியேரி காவல்படைக்கு 65,000 பேர், கனரக, நடுத்தர டாங்கிகள் மொத்தம் 200. நாடு முழுவதற்கும் இவ்வளவுதான். இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு கவச டிவிஷன் எழுப்புவது நடக்காத காரியம். அதனால்தான் 1948இல் ரோமில் அரியேத்தே திரும்பி வந்தபோது டிவிஷனுக்கு ஒரு படி கீழான வெறும் பிரிகேடாக வந்தது. சென்டவுரோவும் 1951இல் வெரோனாவில் பிரிகேடாகத்தான் பிறந்தது.

இடையில் 1949இல் இத்தாலி நேட்டோவில் சேர்ந்துவிட்டது. கூட்டணியில் இருக்கும் நாட்டின் டாங்கிகளை எண்ணிக் கட்டுப்படுத்துவதில் பொருளில்லை என்று மேற்கத்திய நாடுகள் 1951 டிசம்பரில் அந்தக் கட்டுப்பாடுகளைக் கைவிட்டன. அடுத்த ஆண்டே, 1952இல், இரண்டு பிரிகேடுகளும் டிவிஷன்களாக உயர்ந்தன. ஒரே ஆண்டில் இரண்டும் உயர்ந்தது தற்செயல் இல்லை. கட்டு அவிழ்ந்ததும் அமெரிக்க உதவியில் வந்த டாங்கிகள் உள்ளே கொட்டின. முதலில் ஷெர்மன், பிறகு பெர்ஷிங், அப்புறம் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட எம்-47 பேட்டன்.

பொட்சுவோலோ தெல் பிரியூலி என்ற பெயரில் மூன்றாவதாக ஒரு கவச டிவிஷனும் ஐம்பதுகளில் சில ஆண்டுகள் இருந்தது. அது நிலைக்கவில்லை. அந்தப் பெயர் பிற்பாடு ஒரு பிரிகேடுக்குப் போனது. ஆகவே ஒப்பிட வேண்டியது மற்ற இரண்டைத்தான்.

போர்டெனோனேயும் நோவாராவும்

இத்தாலியின் வடகிழக்கு மூலையில், யூகோஸ்லாவிய எல்லையில், மலைகள் தாழ்ந்து ஒரு வாசல்போலத் திறக்கும் இடம் கொரீட்சியா. பழங்காலத்திலிருந்து படைகள் உள்ளே நுழைந்த வழி அது. ஹங்கேரியிலிருந்து வார்சா ஒப்பந்தப் படை வந்தால் இந்த வழியாகத்தான் வரும் என்பது பனிப்போர்க் காலத்து இத்தாலியத் திட்டத்தின் அடிப்படை. அதற்கு மேற்கே ஈசொன்சோ, தாலியமென்டோ, பியாவே என்று வரிசையாக ஆறுகள். இந்த நிலத்தைக் காக்கும் பொறுப்பு, டிவிஷன்களுக்கு மேலான தலைமை அடுக்கான கோர்களில் 5ஆவது கோருக்கு. அதன் முஷ்டி அரியேத்தே. தலைமையகம் போர்டெனோனேயில், தாலியமென்டோவுக்குச் சற்று மேற்கே. எல்லையோரக் காப்பரண்களிலும் முன்வரிசையிலும் காலாட்படை எதிரியைத் தேக்கி நிறுத்த வேண்டும். பிளந்துகொண்டு வருபவனை அரியேத்தே அடிக்க வேண்டும்.

சென்டவுரோ வெரோனாவிலிருந்து மேற்கே பெயர்ந்து நோவாராவில் நிலைகொண்டது. மிலானைத் தலைமையிடமாகக் கொண்ட 3ஆவது கோரின் கீழ் அது கையிருப்புப் படை. முன்னே சண்டை எப்படிப் போகிறது என்று பார்த்து, தேவைப்படும் இடத்துக்கு நகர்த்த வேண்டிய படை. போ ஆற்றுச் சமவெளி, மிலான் - தூரின் தொழிற்பகுதி இவையெல்லாம் அதன் கண் எதிரே இருந்தன.

இரண்டு ஏற்பாட்டிலும் நியாயம் இருக்கிறது. எல்லாவற்றையும் எல்லையில் கொண்டுபோய் வைத்தால் முதல் விமானத் தாக்குதலிலேயே பாதி போய்விடலாம். பின்னால் ஆழம் வேண்டும் என்பது எந்தத் தளபதியும் சொல்லும் பாடம். ஆனால் நோவாராவிலிருந்து போர்டெனோனேக்குச் சாலைத் தூரம் சுமார் 400 கிலோமீட்டர். டாங்கிகளை அவ்வளவு தூரம் சாலையில் ஓட்டிக்கொண்டு போனால் போய்ச் சேருவதற்குள் பாதி வண்டிகளின் சங்கிலித் தடங்கள் பழுதாகிவிடும். ஆகவே ரயில். ரயில் என்றால் ஆதிஜே, பியாவே பாலங்கள். அந்தப் பாலங்கள் முதல் நாளிலேயே குறிவைக்கப்படும். சென்டவுரோவின் மதிப்பு முழுக்க அது நேரத்துக்குப் போய்ச் சேருமா என்ற ஒற்றைக் கேள்வியில் தொங்கிக்கொண்டிருந்தது. அரியேத்தேயின் நிலை வேறு. கொரீட்சியா அதற்கு நூறு கிலோமீட்டருக்குள் இருந்தது.

பயிற்சி நிலத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். போர்டெனோனே இருக்கும் வடகிழக்குப் பகுதியான பிரியூலியில் செல்லினா, மெதூனா ஆறுகள் மலையிலிருந்து இறங்கியதும் தண்ணீரைச் சரளைக் கல்லுக்குள் இழந்துவிடுகின்றன. அகன்ற, வறண்ட, விவசாயத்துக்கு அதிகம் உதவாத கல்வெளி. மக்ரேதி என்பார்கள். டாங்கி ஓட்டவும் சுடவும் அதைவிட நல்ல இடம் இத்தாலியில் அரிது. அரியேத்தேயின் பாசறைகளைச் சுற்றியே அது இருந்தது. நோவாரா பக்கம் முழுக்க நெல்வயலும் வாய்க்காலும். சென்டவுரோ டாங்கிகளுக்கு பியெமான்ட்டின் பராஜ்ஜா புதர்வெளிதான் கதி.

1975: ரெஜிமென்ட் போய் பிரிகேட் வந்தது

தொடக்கத்தில் இரண்டுமே ரெஜிமென்ட் அடிப்படையில் கட்டப்பட்டவை. அரியேத்தேயில் 132ஆவது டாங்கி ரெஜிமென்ட், 8ஆவது பெர்சலியேரி ரெஜிமென்ட், 132ஆவது பீரங்கி ரெஜிமென்ட். சென்டவுரோவில் 31ஆவது டாங்கி, 3ஆவது பெர்சலியேரி, 131ஆவது பீரங்கி. தொப்பியில் கறுப்பு இறகுகள் செருகிய பெர்சலியேரி வீரர்கள் டாங்கிகளுக்குத் துணையாகப் போகும் காலாட்படையினர். 1963இல் நேட்டோ பாணியில் அரியேத்தேக்குள் பிரிகேட் தலைமைகள் நுழைக்கப்பட்டன. 1968இல் அவை கைவிடப்பட்டன. அந்த இடைக்காலத்துக்கு அதிக முக்கியத்துவம் தரத் தேவையில்லை.

உண்மையான திருப்பம் 1975தான். அந்த ஆண்டு கட்டாய ராணுவ சேவை 15 மாதத்திலிருந்து 12 மாதமாகக் குறைந்தது. ஆள் குறையும்போது தலைமை அடுக்குகளையும் குறைக்க வேண்டும். ரெஜிமென்ட் என்ற அடுக்கையே ராணுவம் எடுத்துவிட்டது. டிவிஷன், அதன் கீழ் பிரிகேட், அதன் கீழ் நேரடியாக பட்டாலியன்.

இந்த மாற்றத்தில்தான் இரண்டு டிவிஷன்களின் உருவமும் பிரிகிறது. அரியேத்தேக்கு இரண்டு கவச பிரிகேடுகளும், வண்டிகளில் போகும் காலாட்படை மிகுந்த ஓர் இயந்திரமய பிரிகேடும்: தவுரியானோவில் மாமேலி, அவியானோவில் மனின், போர்டெனோனேயில் காரிபால்டி. சென்டவுரோவுக்கு அப்படியே தலைகீழ். பெல்லின்சாகோவில் குர்டாடோனே மட்டும் கவச பிரிகேட். மிலானின் கோய்டோவும் பெர்கமோவின் லென்யானோவும் இயந்திரமய பிரிகேடுகள்.

கவச பிரிகேடில் இரண்டு டாங்கி பட்டாலியன், இயந்திரமய பிரிகேடில் ஒன்று என்பதுதான் அப்போதைய முறை. ஆகவே அரியேத்தேக்கு ஐந்து, சென்டவுரோவுக்கு நான்கு. ஒரு பட்டாலியனுக்கு 49 டாங்கி என்று வைத்தால் 245க்கு எதிராக 196. வித்தியாசம் பெரிதாகத் தெரியாமல் போகலாம். ஆனால் இரண்டின் வேலையும் இதற்குள் இருக்கிறது. சென்டவுரோ எங்கே போய்ச் சண்டையிடும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஆற்றங்கரை, நகரம், தொழிற்பகுதி என எதுவாகவும் இருக்கலாம். அங்கெல்லாம் காலாட்படை அதிகம் வேண்டும். அரியேத்தேக்கோ ஒரே வேலை, ஒரே திசை. அதற்கு எடை வேண்டும்.

இங்கே இன்னொரு விஷயத்தையும் பார்க்க வேண்டும்; இதைப் பலரும் பேசுவதில்லை. பன்னிரண்டே மாதம் சேவை செய்யும் இளைஞனுக்கு அடிப்படைப் பயிற்சி கழிந்தால் படைப்பிரிவோடு சேர்ந்து பழகக் கிடைப்பது சில மாதங்கள். அந்தச் சில மாதத்தில் அவன் தான் சண்டையிடப்போகும் ஆற்றுப்படுகையிலேயே வண்டி ஓட்டிப் பழகினால் அது பெரிய லாபம். எந்த ஆற்றுத்துறையில் தாலியமென்டோவைக் கடக்கலாம், எந்தச் சாலை டாங்கியின் எடையைத் தாங்கும் என்று அரியேத்தேயின் சிப்பாய்க்குக் கண்ணால் தெரியும். சென்டவுரோவின் சிப்பாய் அதை வரைபடத்தில்தான் படிக்க வேண்டும். தொழில்முறை ராணுவமாக இருந்திருந்தால் இந்த வித்தியாசம் சுருங்கியிருக்கும். கட்டாய சேவை ராணுவத்தில் அது தீர்மானமானது. போர் வந்திருந்தால் எதை நம்புவாய் என்று கேட்டால், இந்த ஒரு காரணத்துக்காகவே நான் அரியேத்தேயின் பக்கம் நிற்பேன்.

டாங்கிகளில் பேதம் பார்ப்பது வீண். எம்-47க்குப் பிறகு 300 எம்-60ஏ1, 1971 முதல் ஜெர்மனியிலிருந்து 200 லெப்பர்டு, அதன்மேல் ஓட்டோ மெலாரா உள்நாட்டிலேயே கட்டிய 720 லெப்பர்டு என்று மொத்த ராணுவமும் புதுப்பிக்கப்பட்டது.

பிரியூலி நிலநடுக்கமும் பெய்ரூட்டும்

காத்திருந்த போர் வரவில்லை. இரண்டு டிவிஷன்களும் தங்கள் ஆட்களை வேறு இடங்களில் இறக்க வேண்டி வந்தது.

1976 மே 6 இரவு பிரியூலியைக் குலுக்கிய நிலநடுக்கத்தில் ஆயிரத்தை ஒட்டி மக்கள் இறந்தார்கள். ஜெமோனா, வென்சோனே போன்ற ஊர்கள் தரைமட்டமாயின. ஜெமோனாவின் ராணுவப் பாசறையிலேயே அல்பீனி மலைப்படையினர் இடிபாட்டில் சிக்கி இறந்தார்கள். அந்த மண்ணிலேயே குடியிருந்த படை என்பதால் அரியேத்தேயின் வீரர்கள் இடிபாடுகளை நீக்கவும் கூடாரம் போடவும் முதல் ஆட்களோடு இறங்கினார்கள். அந்த வட்டாரத்து மக்களுக்கு அரியேத்தே இன்றும் 'எங்கள் படை'யாக இருப்பதற்கு எல் அலமைனைவிட இதுதான் பெரிய காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

சென்டவுரோவுக்கு வாய்த்தது வேறு. 1982 ஆகஸ்டில் லெபனானுக்குப் பன்னாட்டுப் படை போனபோது இத்தாலி அனுப்பியது கவர்னோலோ பெர்சலியேரி பட்டாலியனை. அது லென்யானோ பிரிகேடைச் சேர்ந்தது; அதாவது சென்டவுரோ டிவிஷனின் பிள்ளைகள். எல்லை ஒரு கணமும் காலியாகக் கூடாது என்பதால் அரியேத்தேயைத் தொடத் தயங்க வேண்டியிருந்தது. கையிருப்பிலிருந்து எடுக்கலாம். பின்னால் நிறுத்தப்பட்ட டிவிஷன்தான் புதுவிதமான பணிக்கு முதலில் போனது. காலாட்படை கூடுதலாக இருந்த அந்த 1975 அமைப்பு, வரப்போகும் காலத்துக்கு அரியேத்தேயைவிடப் பொருந்தியது என்பதை ஒப்புக்கொண்டுதான் ஆக வேண்டும்.

1986க்குப் பிறகு

1986இல் ராணுவம் டிவிஷன் அடுக்கையும் நீக்கியது. பிரிகேடுகள் நேரடியாக கோரின் கீழ் வந்தன. பழைய டிவிஷன்களின் பெயர் மறைந்துவிடக் கூடாது என்று மனின் பிரிகேடுக்கு அரியேத்தே என்றும் குர்டாடோனேவுக்கு சென்டவுரோ என்றும் பெயர் மாற்றினார்கள். டிவிஷனின் முழு மரபும் ஒரு பிரிகேடின் தோளில் ஏறியது. மற்ற பிரிகேடுகள் தனித்தனி வழியில் போயின. காரிபால்டி 1991இல் தெற்கே காசெர்த்தாவுக்குப் பெயர்ந்தது. 8ஆவது பெர்சலியேரி ரெஜிமென்ட் இன்று அங்கேதான் இருக்கிறது. மாமேலி, கோய்டோ இரண்டும் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கலைந்தன.

அதே தொண்ணூறுகளில் ரெஜிமென்ட் அடுக்கு திரும்பி வந்தது. 1975இல் எடுத்ததைத் திருப்பி வைத்தார்கள். பெயரும் கொடியும் உள்ள அடுக்கு அதுதான் என்பதால் வீரர்கள் அதை வரவேற்றார்கள். அப்போதே எடுக்காமல் இருந்திருக்கலாம் என்பது என் எண்ணம்.

2002இல் சென்டவுரோ பிரிகேட் கலைக்கப்பட்டது. சோவியத் அச்சுறுத்தல் போய்விட்டது. கட்டாய சேவை முடிவுக்கு வந்துகொண்டிருந்தது, 2005இலிருந்து அது நிறுத்தப்பட்டது. இரண்டு கவச பிரிகேடுகளை வைத்திருக்கப் பணமும் ஆளும் இல்லாதபோது எதை விடுவது? தன்னார்வலர்கள் பெரும்பாலும் தெற்கிலிருந்து வருகிறார்கள். வேலைவாய்ப்பு மிகுந்த மிலான், நோவாரா பக்கம் ஆள் சேர்ப்பு கடினம். அரியேத்தேயிடமோ மக்ரேதி பயிற்சிவெளி இருந்தது, பாசறைகள் இருந்தன, அரை நூற்றாண்டாகப் பழகிய ஊர்கள் இருந்தன. நிலம் மறுபடியும் தீர்ப்புச் சொல்லிவிட்டது.

2004 ஏப்ரலில் ஈராக்கின் நசிரியாவில் பாலங்களுக்காக நடந்த சண்டையின்போது அங்கே இருந்தது அரியேத்தே பிரிகேட். அதன் பெயரையே தாங்கிய சி1 அரியேத்தே டாங்கியும் பிறகு அங்கே அனுப்பப்பட்டது. மொத்தம் 200 கட்டப்பட்ட டாங்கி அது, 120 மில்லிமீட்டர் பீரங்கியோடு. சென்டவுரோவின் பெயர் எட்டுச் சக்கரக் கவச வண்டிக்குப் போனது. குதிரைப்படை ரெஜிமென்டுகளில் அது பரவலாக ஓடியது. சோமாலியா முதல் பல வெளிநாட்டுப் பணிகளுக்கும் போனது.

இப்போது இத்தாலியிடம் இருக்கும் ஒரே கவச பிரிகேட் அரியேத்தே. தவுரியானோவில் 32ஆவது, கோர்தெனோன்ஸில் 132ஆவது என இரண்டு டாங்கி ரெஜிமென்ட், 11ஆவது பெர்சலியேரி, மனியாகோவில் 132ஆவது பீரங்கி ரெஜிமென்ட். சென்டவுரோவின் 3ஆவது பெர்சலியேரி ரெஜிமென்ட் சார்தீனியாவின் தெவுலாதாவில், சாசரி பிரிகேடின் கீழ் இருக்கிறது. சி1 டாங்கிகளுக்கு வயதாகிவிட்டது. அவற்றின் இடத்துக்கு வரவேண்டிய பாந்தர் டாங்கிக்காகவும் லிங்ஸ் காலாட்படை வண்டிக்காகவும் இத்தாலியின் லியோனார்டோ நிறுவனமும் ஜெர்மனியின் ரைன்மெட்டால் நிறுவனமும் 2024இல் கூட்டு நிறுவனம் ஒன்றை ஏற்படுத்தின. உக்ரைன் போருக்குப் பிறகு கனரகப் படை மறுபடி தேவைப்படுகிறது என்று ரோமில் பேசுகிறார்கள். அது செயலுக்கு வந்தால், இரண்டாவது கவச பிரிகேடை எந்த நிலத்தில் வைப்பது என்பதைத்தான் அவர்கள் முதலில் முடிவு செய்ய வேண்டியிருக்கும்.