வைகையில் கலக்கும் கழிவுநீர்: எந்தக் கருவி எதைச் சொல்லும்?

மதுரை நகருக்குள் வைகையில் ஆண்டின் பெரும்பகுதி ஓடுவது ஆற்று நீர் அன்று. பந்தல்குடி கால்வாய் போன்றவை கொண்டுவந்து சேர்க்கும் கழிவுநீரே. அவனியாபுரத்தில் நாளொன்றுக்கு 12.5 கோடி லிட்டர் கொள்திறனும் சக்கிமங்கலத்தில் ஏறத்தாழ 4.5 கோடி லிட்டர் கொள்திறனும் கொண்ட சுத்திகரிப்பு நிலையங்கள் இருந்தும், பாதாளச் சாக்கடையில் சேராத வீடுகளின் நீரும், கழிவுநீரை இறைத்து அனுப்பும் உந்து நிலையம் நின்றுபோகும்போது பொங்கி வழியும் நீரும் கால்வாய் வழியே ஆற்றை அடைகின்றன. இந்தக் கலப்பைக் கண்காணிக்க மூன்று வழிகள் பேசப்படுகின்றன: மாதிரி எடுத்து ஆய்வகத்தில் சோதிப்பது, வழியும் இடத்தில் நீர்மட்டத்தைக் காட்டும் மட்டமானி பொருத்துவது, நீரின் தரத்தை இடைவிடாமல் அளக்கும் தொடர் தர அளவியை ஆற்றுக்குள் வைப்பது.

நம்மிடம் நெடுங்காலமாக உள்ளது முதல் வழி. நீரிலுள்ள கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்கள் எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜனின் அளவான உயிர்வேதி ஆக்சிஜன் தேவையை, அதாவது பி.ஓ.டி.யை, இந்தியத் தர முறைப்படி 27 டிகிரி செல்சியஸில் 3 நாள் வைத்திருந்து கணக்கிடுகிறார்கள். குளிப்பதற்குரிய ஆற்று நீரில் இது லிட்டருக்கு 3 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. நீதிமன்றத்தில் நிற்கும் சான்று இந்த முறையில்தான் கிடைக்கிறது. அதை விட்டுவிட முடியாது. ஆனால் முடிவு கைக்கு வரும்போது அந்த நீர் மானாமதுரை திசையில் எப்போதோ போயிருக்கும். அதைவிடப் பெரிய குறை, மாதிரி எடுக்கும் நேரம். பாசியும் நீர்த்தாவரமும் மண்டிய நீரில் பகல் வெயிலில் கரைந்துள்ள ஆக்சிஜன் ஏறும். இரவெல்லாம் இறங்கி, விடியலுக்குச் சற்று முன் அடிமட்டத்தைத் தொடும். அலுவலக நேரத்தில் மட்டுமே மாதிரி எடுத்தால் ஆறு தன் உண்மை நிலையைவிட நலமாக இருப்பதாகவே பதிவாகும். இது எவருடைய நேர்மை பற்றிய பேச்சும் அன்று. கடிகாரம் செய்யும் பிழை. வைகறையிலும் ஒரு மாதிரி எடுப்பதை விதியாக்கினாலே அதைத் திருத்திவிடலாம்.

மட்டமானி வழியில் நெடுந்தொலைவு சென்ற நாடு இங்கிலாந்து. மழைநீரும் கழிவுநீரும் ஒரே குழாயில் செல்லும் பழைய அமைப்பு அங்கே பரவலாக உள்ளதால், மிகுமழையின்போது குழாய் நிரம்பி ஆற்றில் வழிவதற்கென்றே வாய்கள் வைத்திருக்கிறார்கள். சுமார் 14,000 வாய்களிலும் 2023 இறுதிக்குள் மட்டமானிகள் பொருத்தப்பட்டன. வழிதல் தொடங்கிய ஒரு மணி நேரத்துக்குள் பொதுமக்களுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2021-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் சட்டம் கூறுகிறது. அந்த வெளிப்படைத்தன்மை நமக்கும் வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் அக்கருவி அளப்பது கால அளவை மட்டுமே. 2023-இல் 4,64,056 ஆக இருந்த வழிதல்களின் எண்ணிக்கை 2024-இல் 4,50,398 ஆகக் குறைந்தது. வழிந்த மொத்த நேரமோ குறையவில்லை, இரண்டு ஆண்டுகளிலும் 36 லட்சம் மணி நேரத்தைத் தாண்டியது. முதல் 12 மணி நேரத்தில் வழிவதெல்லாம் ஒரு நிகழ்வு, அதன்பின் ஒவ்வொரு 24 மணி நேரமும் ஒரு நிகழ்வு என்பது அவர்களுடைய எண்ணும் முறை. எத்தனை லிட்டர் போனது என்பது இந்த எண்களில் எங்கும் இல்லை.

பந்தல்குடி கால்வாய்க்கு இதை அப்படியே கொண்டுவந்தால் மழையில்லாத நாளிலும் ஓடுகிற கால்வாய் ஆண்டு முழுவதும் ஒரே நீண்ட வழிதலாகப் பதிவாகும். அதனால் யாருக்கும் ஒன்றும் விளங்காது. அங்கே தேவை கொள்ளளவு. கால்வாய் முகத்துவாரத்தில் 90 பாகை முக்கோண வெட்டுள்ள தடுப்பு ஒன்றைக் கட்டி அதன் மேல் மட்டமானியை வைத்தால், நீர் வெட்டின் அடியிலிருந்து 30 சென்டிமீட்டர் உயரத்தில் நிற்கும்போது விநாடிக்குச் சுமார் 68 லிட்டர் போகிறது என்று கணக்கிடலாம். ஒரு நாளைக்கு அது 59 லட்சம் லிட்டர் அளவில் வரும். கால்வாய் அகலத்துக்கும் ஓட்டத்துக்கும் ஏற்ப வெட்டின் வடிவம் மாறலாம். எதுவானாலும் குப்பைதான் எதிரி. பிளாஸ்டிக் பைகள் தடுப்பில் சிக்கி மட்டம் பத்து விழுக்காடு உயர்ந்து காட்டினால், முக்கோண வெட்டில் ஓட்டக் கணக்கு ஏறத்தாழ 27 விழுக்காடு பிசகும். நாள்தோறும் தடுப்பைத் துப்புரவு செய்ய ஆளை நியமிக்காமல் கருவியை மட்டும் வாங்குவது பயனற்றது.

மூன்றாம் வழியான தொடர் தர அளவி ஆக்சிஜன், அமோனியா, கலங்கல், மின்கடத்துத்திறன் ஆகியவற்றை நிமிடக் கணக்கில் தரும் என்பதால் கேட்பதற்கு மிகக் கவர்ச்சியானது. மணல் தெரியும் வைகையில் அது மூழ்கி நிற்கவே நீர் இருக்காது. கழிவுநீருக்குள் வைத்தால் ஆக்சிஜன் எந்நேரமும் சுழியத்துக்கு அருகிலேயே இருந்து புதிதாக எதையும் சொல்லாது. உணரியில் பாசி படியும், அமோனியா அளவீடு சில வாரங்களிலேயே நகர்ந்துவிடும். நீர் தேங்கி நிற்கும் விரகனூர் மதகணைப் பகுதியில் ஒன்று வைப்பதற்கு நியாயம் உண்டு. கரை நெடுகப் பத்து வைப்பதற்கு இல்லை.

ஆகவே பணம் குறைவாக உள்ள மாநகரம் முதலில் செலவிட வேண்டிய இடம் கழிவுநீர் உந்து நிலையங்களின் வழிதல் வாய்கள் என்பது என் கருத்து. அங்கே மட்டும் இங்கிலாந்தின் கேள்வியும் நம் கேள்வியும் ஒன்றுதான்: வழிகிறதா, எப்போது தொடங்கியது, எவ்வளவு நேரம்? சிம் அட்டையுள்ள மட்டமானி, மின்வெட்டிலும் இயங்கும் மின்கலம், வார்டு உறுப்பினருக்கும் பொறியாளருக்கும் ஒரே நேரத்தில் போகும் குறுஞ்செய்தி, எவரும் பார்க்கக்கூடிய பதிவேடு ஆகியவை இருந்தால் போதும். அடுத்ததாகக் கால்வாய் முகத்துவாரங்களில் ஓட்ட அளவீடும், அதே இடத்தில் வைகறை மாதிரியும் வர வேண்டும். ஓட்டத்தையும் பி.ஓ.டி.யையும் பெருக்கினால், திருப்புவனம் வரை மணற்படுகைக் கிணறுகளை நம்பியிருக்கும் ஊர்களை நோக்கி நாளொன்றுக்கு எத்தனை கிலோ மாசு போகிறது என்ற எண் கிடைக்கும். எந்தக் கால்வாயை முதலில் மறித்துச் சுத்திகரிப்பு நிலையத்துக்குத் திருப்புவது என்பதை அந்த எண்ணைக் கொண்டே முடிவு செய்யலாம்.