வெள்ளைக்கழிச்சல் வைரஸ்: கோழியிலும் புறாவிலும்

பல்லடம், நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணைக்கு அருகிலேயே மொட்டைமாடியில் புறா வளர்ப்பவர்கள் உண்டு. வெள்ளைக்கழிச்சல் என்று நாம் சொல்லும் ராணிக்கெட் நோயின் வைரஸ், இவ்விரண்டு பறவைகளிலும் ஒரே விதமாக நடந்துகொள்வதில்லை.

வைரஸ் உயிரணுவுக்குள் நுழைய, அதன் மேலுள்ள எஃப் புரதம் வெட்டப்பட வேண்டும். லசோட்டா தடுப்பு மருந்திலுள்ள சாது ரகத்தில் சுவாசப்பாதை, குடல் ஆகியவற்றின் நொதிகளே அதை வெட்டும் என்பதால் தொற்று அங்கேயே அடங்கிவிடுகிறது. கடும் ரகத்திலோ உடலெங்குமுள்ள ஃபூரின் நொதியே வெட்டிவிடுவதால், தடுப்பு மருந்து கொடுக்காத கோழிகள் சில நாட்களில் கூட்டமாகச் சாகின்றன.

புறாவில் காட்சி வேறு. கழுத்து முறுக்கிக்கொண்ட புறா, கண்ணெதிரே கிடக்கும் கம்பு தானியத்தைக் கொத்தப் போய்த் தரையையே கொத்தும். பார்க்கவே மனம் பதறும். புறாவைத் தாக்கும் இந்த வைரஸ் ரகத்தின் வெட்டுமிடம், அதாவது எஃப் புரதம் வெட்டப்படும் இடம், கடும் ரகத்துக்குரியதாகவே இருந்தும், கோழிக்குச் செலுத்தினால் முதலில் பெரும்பாலும் லேசான நோயே வருகிறது. ஆனால் கோழிக்குக் கோழி மாற்றிக்கொண்டே போனால் வீரியம் ஏறுகிறது. அப்போது வெட்டுமிடம் மாறாமல், வைரஸ் பெருகுவதற்கு உதவும் பி, எல் புரதங்களில் மாற்றங்கள் நிகழ்ந்திருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன.

ஆகவே கோழியில் வந்தால் உடனே தெரியும் நோயைவிட, புறாவிலிருந்து மெல்ல நுழைந்து கோழிக்குப் பழகும் வைரஸையே நான் அதிகம் அஞ்சுகிறேன். புறாக்கூண்டைக் கழுவிய கையோடும் செருப்போடும் கோழிக்கொட்டகைக்குள் போகவே கூடாது.