இஃப்டெஃபா, வெற்று ஃபங்ஷனா, தனி ஃபைலா?

மேலூர், உசிலம்பட்டி பக்கம் கிணற்று மோட்டார்களுக்கு மாட்டும் ஸ்டார்ட்டர் போர்டை எடுத்துக்கொள்வோம். சில தோட்டத்தில் ஒருமுனை மின்சாரம், சில தோட்டத்தில் மும்முனை. சிலர் எஸ்எம்எஸ் அனுப்பும் ஜிஎஸ்எம் மோடம் கேட்பார்கள், சிலர் வேண்டாம் என்பார்கள். எல்லாவற்றுக்கும் ஒரே சி கோடு. போர்டுக்குப் போர்டு மாறும் பகுதியை அதில் எப்படிப் பிரிப்பது?

ஃபங்ஷனுக்குள்ளேயே இஃப்டெஃப் (#ifdef, ஒரு பெயர் டிஃபைன் ஆகியிருந்தால் மட்டும் உள்ளிருக்கும் வரிகளை பில்டில் சேர்ப்பது) போடுவதுதான் கைக்கு முதலில் வருவது. எழுதச் சுலபம், படிக்கத்தான் பாடு. மோட்டாரை நிறுத்தும் ஃபங்ஷனில் ‘ஒரு பேஸ் போய்விட்டதா’ என்று கேட்கும் வரி மும்முனைக்கான இஃப்டெஃபுக்குள் இருக்கும். அங்கே திறந்த அடைப்புக்குறி கீழே இன்னொரு இஃப்டெஃபுக்குள் போய் மூடும். நடுவில் எஸ்எம்எஸ் அனுப்பும் துண்டு. எந்த போர்டில் எந்த வரி ஓடும் என்று விரல் வைத்துத்தான் படிக்க வேண்டும். அதைவிடக் கேடு, பில்டில் சேராத பகுதியை கம்பைலர் சரிபார்ப்பதே இல்லை. ஒரு வேரியபிளின் பெயரை மாற்றினால் ஒருமுனை பில்ட் சுத்தமாக வரும். மும்முனை உடைந்து கிடப்பது அடுத்த பில்ட் வரை தெரியாது.

1992-லேயே ஹென்றி ஸ்பென்சர், ஜெஃப் கோலியர் என்ற இரு புரோகிராமர்கள் இஃப்டெஃபின் கேட்டைப் பற்றி யூஸ்னிக்ஸ் என்ற கம்ப்யூட்டர் மாநாட்டுக்குக் கட்டுரை எழுதிவிட்டார்கள். லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்குக் கோடு எழுதும் விதிகளும் (கோடிங் ஸ்டைல்), முடிந்தவரை இஃப்டெஃப் சி ஃபைலுக்குள் வேண்டாம், அந்த ஃபைல்கள் சேர்த்துக்கொள்ளும் ஹெடர் ஃபைலில் வையுங்கள் என்கின்றன. மோடம் இருந்தால் நிஜ ஃபங்ஷன், இல்லாவிட்டால் அதே பெயரில் ஒன்றும் செய்யாத வெற்று ஃபங்ஷன் (ஸ்டாட்டிக் இன்லைன்). அழைக்கும் இடத்தில் நிபந்தனையே தெரியாது. ஆப்டிமைசேஷன் இருந்தால் அந்த வெற்று அழைப்பும் மறைந்துவிடும், ஃப்ளாஷில் இடம் பிடிக்காது. என் ஓட்டு இதற்குத்தான்.

தனி ஃபைல், ஹார்டுவேரே வேறாக இருக்கும்போது சரி. மும்முனையில் பேஸ் வரிசையைப் பார்க்க வேண்டும், ஒருமுனையில் அந்தப் பேச்சே இல்லை. பில்டை நடத்தும் மேக்ஃபைல் தேவையான ஃபைலை எடுத்துக்கொள்ளட்டும். பொதுவான கோடையும் இரண்டிலும் நகலெடுத்தால் மட்டும் ஆபத்து, ஒன்றில் திருத்தியது மற்றதில் விட்டுப்போகும்.

இரண்டு மூன்று வரிக்கு, மாறிலியை வைத்துச் சாதாரண இஃப் போதும். கெர்னலில் இஸ்_எனேபிள்ட் (IS_ENABLED) மேக்ரோ இதற்கே இருக்கிறது. கம்பைலர் இரண்டு பக்கத்தையும் சரிபார்த்துவிட்டு, தேவையில்லாததை நீக்கிவிடும். ஸ்ட்ரக்டில் அந்த உறுப்பே இல்லாத போர்டில் இது செல்லாது, அங்கே இஃப்டெஃப்தான் வழி.

அப்படிப் போடும்போது ஒன்று கவனியுங்கள். மோடத்தை 0 என்று டிஃபைன் செய்திருந்தாலும் இஃப்டெஃப் ‘உண்டு’ என்றே எடுத்துக்கொள்ளும். மதிப்பைப் பார்க்க வேண்டுமென்றால் ஹேஷ் இஃப் (#if) போடுங்கள். அதில் பெயரை எழுத்துப்பிழையாக அடித்தால் சத்தமில்லாமல் 0 ஆகிவிடும் என்பதால், ஜிசிசி கம்பைலரில் டபிள்யூஅண்டெஃப் (-Wundef) எச்சரிக்கையையும் சேர்த்தே ஆன் செய்யுங்கள்.