தறிச் சத்தத்துக்கு நடுவே: 2,000 ரூபாயில் ஒரு இயர்போன்

சோமனூரில் எங்கள் வீட்டுக்கும் தறிக்குடோனுக்கும் நடுவே ஒரே சுவர். எட்டுத் தறி, எல்லாம் நாடா (ஊடு நூலைச் சுமந்து குறுக்கே ஓடும் கட்டை) ஓடும் பழைய தறி. ஒவ்வொன்றும் நிமிடத்துக்கு நூறு அடிக்கு மேல் அடிக்கும். எட்டும் ஓடும்போது குடோனுக்குள் சத்தம் 90 டெசிபலைத் தாண்டிவிடும். அய்யன், அதாவது என் அப்பா, முப்பது வருசமாக அதற்குள்தான் நிற்கிறார். நான் சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, அடுத்தவர்கள் பேசியதைக் கேட்டு டைப் அடித்துச் சம்பாதிக்கிறேன்.

கூட்டப் பேச்சு, நேர்காணல், ஆராய்ச்சி மாணவர்கள் கிராமத்தில் பதிவு செய்து வருவது என்று எல்லாம் வரும். ஒரு மணி நேரப் பதிவை முடிக்க நாலு மணி நேரமாவது ஆகும். ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரம் காதில் ஏதாவது மாட்டியிருக்க வேண்டும். அதற்கு நான் ஒதுக்கிய பணம் 2,000 ரூபாய்.

முதலில் ஒரு தப்புச் செய்தேன். ஆன்லைனில் 4,990 என்று போட்டு அடித்துவிட்டு 1,299க்குக் கொடுத்த ப்ளூடூத் ஹெட்போன். பெட்டி முழுக்க பேஸ், பேஸ் என்றே அச்சடித்திருந்தார்கள். கம்பெனி பேர் வேண்டாம், விட்டுவிடுங்கள். பாட்டுக்கு நன்றாக அதிர்ந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். வேலைக்கு உட்கார்ந்தபோதுதான் விசயம் தெரிந்தது. டைப் அடிக்கிறவர்கள் நிமிடத்துக்குப் பத்துத் தடவை நிறுத்தி நிறுத்தி ஓடவிடுவோம். ஒவ்வொரு தடவையும் முதல் அசையை அது விழுங்கிவிடும். "இருபது" என்று பேசியது எனக்கு "பது" என்று கேட்டது. இருபதா, அறுபதா, எழுபதா? திரும்பப் பின்னால் போக வேண்டும்.

இன்னொன்று, அந்த பேஸ். கீழ்ச்சுரம் தூக்கலாக இருந்தால் அதற்கு மேலே இருக்கும் மெல்லிய ஒலிகளை அது மூடிவிடும். ச, ஸ, ஷ மாதிரி எழுத்துகளின் கூர்மை மேல்சுரங்களில்தான் இருக்கிறது. அது மழுங்கினால் பேச்சு போர்வைக்குள்ளிருந்து வருவது போலிருக்கும். ல, ள, ழ மூன்றும் ஒன்றாகிவிடும். (எங்கள் பக்கம் பேசுகிறவர்களே பாதிப் பேர் அதை ஒன்றாக்கிவிடுவார்கள், அது வேறு கதை.) பங்குனி வெயிலில் வியர்வை பட்டுக் காது மெத்தையின் தோல் கறுப்புச் செதிலாக உரிந்து கன்னத்தில் ஒட்ட ஆரம்பித்ததும் அதைத் தூக்கி அலமாரி மேல் போட்டேன்.

அடுத்த தடவை ஆன்லைன் வேண்டாம், போட்டுப் பார்த்தே வாங்குவது என்று பாசஞ்சர் ரயிலேறிக் கோயமுத்தூர் போனேன். காந்திபுரத்தில் நாலு கடை ஏறி இறங்கினேன். மூன்று கடையில் பெட்டியையே பிரிக்கமாட்டோம் என்றார்கள். கிராஸ்கட் ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில் ஒரு சின்னக் கடை. பெரியவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். "உங்க போன்லயே போட்டுக் கேளுங்க அம்மிணி, கேட்காம வாங்கினா எனக்குத்தானுங்க நாளைக்கு ரோதனை" என்றார். காதுக்குள் வைக்கும் ரப்பரை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்துத் துடைத்துக் கொடுத்தார். அதற்கே அந்தக் கடைக்கு ஒரு கும்பிடு.

நான் போனில் மூன்று பதிவு எடுத்துப் போயிருந்தேன். ஒன்று, சீலிங் பேனுக்குக் கீழே உட்கார்ந்து ஒரு விவசாயி பேசியது. இரண்டாவது, எங்கள் ஊர் மாரியம்மன் நோன்பில் எடுத்த ஜமாப் மேளம். அடி கனமாக விழும்போது நடுவில் ஒருத்தர் சத்தம் போட்டு ஆட்களை ஒதுங்கச் சொல்வார், அந்தக் குரல் தனியாகக் கேட்கிறதா என்று பார்ப்பதற்கு. மூன்றாவது, நானே வாசித்த நூல் கணக்கு: நாற்பது, நாற்பத்தெட்டு, ஐம்பத்தெட்டு என்று வேகமாக. கடையில் அவர்கள் போட்டுக்காட்டும் பாட்டை நம்பாதீர்கள். எந்த ஹெட்போனிலும் நன்றாகக் கேட்கிற பாட்டைத்தான் போடுவார்கள்.

முதலில் காட்டியது ஆடியோ டெக்னிகா எம்20எக்ஸ். 40 மில்லிமீட்டர் டிரைவர் (உள்ளே ஒலி எழுப்பும் பாகம்), காதை முழுக்க மூடும் வகை, 3 மீட்டர் வயர். விவசாயியின் பேச்சில் பேன் சத்தம் தனியாக, குரல் தனியாகப் பிரிந்தது. அன்று கேட்டதில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். ஆனால் விலை என் கணக்குக்கு இரண்டு மடங்குக்கு மேல். தவிர, சித்திரை மாதத்தில் காதை மூடிக்கொண்டு ஐந்து மணி நேரம் உட்கார முடியுமா என்றும் தயங்கினேன். அடுத்து சோனி இசட்எக்ஸ்110. எடை குறைவு, விலை குறைவு, மடித்துப் பையில் போடலாம். அது காதின் மேல் உட்காரும் வகை, சுற்றி மூடாது. ரோட்டில் போகும் பஸ் ஹாரன் அப்படியே உள்ளே வந்தது. அமைதியான வீடு இருப்பவர்களுக்குப் போதும். காஸ் கம்பெனியின் போர்ட்டா புரோ ஹெட்போன் இருக்கிறதா என்று கேட்டேன். 1984இல் வந்து இன்றும் ஏறக்குறைய அதே உருவத்தில் விற்கிறதே என்று அதன் மேல் ஓர் ஆசை. பெரியவர் சிரித்தார். "அது திறந்த வகைங்க. தறிக்குப் பக்கத்துல போட்டா தறியத்தான் கேட்பீங்க."

சத்தத்தைத் தானாகவே அடக்கும் ப்ளூடூத் மொட்டுகளும் (இயர்பட்) இப்போது 2,000க்குள் வந்துவிட்டன. அதையும் கேட்டேன். "பஸ் இஞ்சின் மாதிரி ஒரே சீரா உறுமறதத்தானுங்க அது அடக்கும். தறி டக்கு டக்குனு அடிக்கறதில்லீங்களா? அதுக்கு அடைப்புத்தான் வழி" என்றார். விற்க வேண்டிய பொருளைப் பற்றி இப்படிச் சொல்கிற கடைக்காரரை நான் அதிகம் பார்த்ததில்லை. ஆகக் கடைசியில் காதுக்குள் வைத்து அடைக்கும், வயர் உள்ள இயர்போனுக்கு வந்து சேர்ந்தோம்.

இரண்டு கையில் எடுத்தேன். 7ஹெர்ட்ஸ் சால்நோட்ஸ் ஜீரோ, மூன்டிராப் சூ 2. இரண்டிலும் 10 மில்லிமீட்டர் டிரைவர், இரண்டிலும் வயரைக் கழற்றி மாற்றலாம். என்னைப் போல வயரை நாற்காலிக் காலில் மாட்டி இழுப்பவர்களுக்கு இதுதான் முக்கியம். வயர் போனால் வயரை மட்டும் வாங்கினால் போதும். ஒலியில் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஜீரோவின் உடல் கொஞ்சம் பெரிது, என் காது சின்னது, பத்து நிமிடத்தில் அழுத்தியது. சூ 2 சின்ன உலோக உடல், உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. அதையே எடுத்தேன், 1,850 ரூபாய். பில் வேணுங்களா என்றார். 18 சதவீத ஜிஎஸ்டியோடு பில் போட்டே வாங்கினேன். பில் இல்லாமல் வாரண்டி கேட்டு நிற்க முடியாது.

பெட்டியின் பின்னால் போடும் எண்களைப் பற்றி ஒரு வார்த்தை. 5 ஹெர்ட்ஸ் முதல் 40,000 வரை என்று போட்டிருப்பார்கள். மனிதக் காது கேட்பதே 20 முதல் 20,000 வரை, அதிலும் வயதாக ஆக மேல்பக்கம் குறைந்துகொண்டே வரும். டிரைவர் பெரிது என்பதும் தரத்துக்கு அடையாளம் இல்லை. பார்க்க வேண்டிய எண் ஓம்தான், அதாவது மின் எதிர்ப்பின் அளவு. 16, 18, 32 என்றால் பெரும்பாலும் போனே ஓட்டிவிடும். 250 ஓம் என்றால் ஆம்ப்ளிஃபயர் தேட வேண்டும்.

வீட்டுக்கு வந்து மாட்டினால் ஏமாற்றம். பேஸே இல்லை, தறிச் சத்தம் பாதி உள்ளே வருகிறது. அந்தக் கடைக்காரர் வேறு பொருளைக் கட்டிக் கொடுத்துவிட்டாரோ என்று கூட நினைத்தேன். அப்புறம்தான் ரப்பரை மாற்றிப் பார்த்தேன். இடது காதுக்கு நடு அளவு சரி, வலது காதுக்குப் பெரியது வேண்டியிருந்தது. இரண்டு காதும் ஒரே அளவில் இருக்கும் என்று யார் சொன்னார்கள்? ரப்பர் சரியாக அடைத்த நொடியில் பேஸ் வந்தது, தறி சுவருக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. வயரைக் காதுக்கு மேலே சுற்றிப் போட வேண்டும். கீழே தொங்கவிட்டால் நழுவி அடைப்பு விட்டுவிடும்.

பழைய ஹெட்போனில் லேப்டாப் ஒலியை 80இல் வைத்துத்தான் வேலை பார்ப்பேன். இதில் 35 போதும். இது வசதி மட்டும் இல்லை. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் அளவு, 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 83 என்றால் 20 மணி, 86 என்றால் 10. நான் வாரத்துக்கு 30 மணி நேரம் கேட்கிறேன். தறியை மீறிக் கேட்க ஒலியை ஏற்றிக்கொண்டே போனால் என்ன ஆகும் என்பதற்கு எங்கள் வீட்டிலேயே ஆள் இருக்கிறார். டிவி சத்தம் தெரு முனைக்குக் கேட்கும்.

குறை சொல்ல வேண்டுமென்றால், நான் எடுத்த வகையில் மைக் இல்லை. போனில் பேச அதைக் கழற்ற வேண்டும். என் போனில் 3.5 மில்லிமீட்டர் ஓட்டையும் கிடையாது, டைப்-சி மாற்றி ஒன்று தனியாக வாங்கினேன். அதை வாங்கும்போது உள்ளே டேக் சிப் (டிஜிட்டலை ஒலி சிக்னலாக மாற்றும் சிப்) இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். சிப் இல்லாத வெறும் மாற்றி எல்லாப் போனிலும் வேலை செய்யாது. அப்புறம், வாசலில் யாராவது கூப்பிட்டால் சுத்தமாகக் கேட்காது. கேஸ் சிலிண்டர் ஒரு தடவை திரும்பிப் போய்விட்டது.

பெரியவரிடம் அய்யனுக்காக காதில் வைக்கும் ஒரு ஜோடி நுரைப்பஞ்சு அடைப்பானும் வாங்கி வந்திருந்தேன். முதல் நாளே கழற்றிவிட்டார். "நூல் அந்தா தறிச் சத்தம் மாறுமல்லோ சாமி, அதக் கேக்காம எப்படி ஓட்டறது?" என்றார். எட்டுத் தறிக்கு நடுவில் எந்தத் தறியில் இழை அறுந்தது என்று திரும்பாமலே சொல்லும் மனிதர், அவரிடம் என்ன வாதாடுவது? அடைப்பான் போட்டாலும் சத்தம் குறையுமே தவிர நிற்காது, நாலு நாள் போட்டால் பழகிவிடும் என்று சொல்லி வைத்தேன்.

மாதாந்திர மின்தடை அன்று தறி எல்லாம் நின்றிருந்தது. அய்யன் திண்ணைக்கு வந்து அது என்ன என்று கேட்டார். காதில் வைத்து ஜமாப் போட்டுவிட்டேன். தலையை ஆட்டிக்கொண்டு முழுதாகக் கேட்டார். ஒலியை ஏற்று என்று கை காட்டினார், நான் ஏற்றவில்லை. கழற்றிக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விலை கேட்டார், சொன்னேன்.

"ரெண்டு நாடா வாங்கிப் போட்டிருக்கலாம்" என்றார்.