வேர்ட்பிரஸ்: தமிழில் கதை எழுதுகிறவர்களுக்குச் சரிப்படுமா?

வலைத்தளம் கட்ட உதவும் மென்பொருளான வேர்ட்பிரஸ் அவர்களுக்குச் சரிப்படும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கீழே கொஞ்சம் குறையும் சொல்லப்போகிறேன், அதைப் படித்துவிட்டு யாரும் பின்வாங்கிவிடக் கூடாது. பள்ளிக்கூடத்தில் வேதியியல் நடத்துகிறேன், இரண்டு சிறுகதைத் தொகுப்பு வந்திருக்கிறது, நிரல் எழுதத் தெரியாது. மூன்று மாதமாக ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் தினமும் ஒரு மணி நேரம் ஒதுக்கி எனக்கென்று ஒரு தளம் கட்டி முடித்திருக்கிறேன்.

எதற்கு இந்த வேலை என்றால், பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் ஓர் இணைய இதழில் தொடர்ந்து எழுதினேன், மொத்தம் ஒன்பது கதை. போன வருடம் ஒரு கல்லூரி மாணவி, அதில் ஒரு கதையைத் தன் ஆய்வேட்டில் சேர்க்கிறேன், சுட்டி கொடுங்கள் மேடம் என்று கேட்டார். போய்ப் பார்த்தால் இதழே இல்லை. டொமைனை, அதாவது இதழின் இணைய முகவரியை, புதுப்பிக்காமல் விட்டிருக்கிறார்கள், அந்த முகவரியில் ஏதோ கடன் விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. பழைய வலைப்பக்கங்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷினில் தேடி ஆறு கதையை மீட்டேன். மீதி மூன்றும் என் பழைய கணினியில் பாமினி எழுத்துருவில் கிடந்தன. பாமினியில் அடித்த கோப்பை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தவர்களுக்குத் தெரியும், அம்மா என்று எழுதிய இடத்தில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று ஐந்து ஆங்கிலக் குறிதான் நிற்கும். எழுத்துரு மாற்றியில் போட்டு, எந்தக் கணினியிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடுக்குக் கொண்டுவந்து, வரிவரியாகப் பிழை பார்த்து முடிக்க ஒரு வாரம் ஆனது. இனிமேல் என் கதை என் பெயரில் இருக்கிற முகவரியில்தான் இருக்க வேண்டும் என்று அந்த வாரத்தில்தான் முடிவெடுத்தேன்.

தொடங்கும்போது எல்லாரும் குழம்புகிற இடம் ஒன்று உண்டு. வேர்ட்பிரஸ் டாட் காம் என்பது ஒரு நிறுவனம் நடத்துகிற சேவை, அங்கே இலவசக் கணக்கு தொடங்கலாம், ஆனால் முகவரியில் அவர்கள் பெயரும் இருக்கும், பக்கத்தில் விளம்பரமும் வரும். வேர்ட்பிரஸ் டாட் ஆர்க்கில் கிடைப்பது மென்பொருள், 2003 மே மாதம் மேட் முல்லன்வெக்கும் மைக் லிட்டிலும் வெளியிட்டது, கட்டற்ற உரிமத்தில் வருவதால் யார் வேண்டுமானாலும் எடுத்துத் தங்கள் சர்வரில் போட்டுக்கொள்ளலாம், காசு கிடையாது. நான் எடுத்தது இரண்டாவது. இன்றைக்கு உலகத்திலுள்ள வலைத்தளங்களில் பத்தில் நான்குக்கு மேல் இதில்தான் ஓடுகின்றன, அதனால் எந்தச் சந்தேகம் வந்தாலும் யாரோ ஒருவர் ஏற்கெனவே கேட்டு, இன்னொருவர் பதில் சொல்லியிருப்பார்.

பணம் கட்டுவதற்கு முன்னால் பிளேகிரவுண்டு என்று ஒன்று வைத்திருக்கிறார்கள், அதில் கை வைத்துப் பாருங்கள். பிரௌசருக்குள்ளேயே முழு வேர்ட்பிரஸ் ஓடும், கணக்கு வேண்டாம், ஹோஸ்டிங் (தளத்தை வைக்க வாடகைக்கு எடுக்கும் சர்வர் இடம்) வேண்டாம், எதை உடைத்தாலும் நஷ்டமில்லை. சேமிக்காமல் மூடினால் மட்டும் செய்ததெல்லாம் போய்விடும். முதல் இரண்டு வாரம் நான் அங்கேதான் இருந்தேன், என் கதை ஒன்றைப் போட்டு, தீம் (தளத்தின் தோற்ற வடிவம்) மாற்றி, மெனு வைத்து, கலைத்து, திரும்பவும் தொடங்கி. பழக இதைவிட நல்ல இடம் இருப்பதாகத் தெரியவில்லை.

ஹோஸ்டிங் வாங்கியதுதான் கசப்பான அனுபவம். நான் போன நிறுவனத்தின் பெயர் வேண்டாம். மாதம் 89 ரூபாய் என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள், உள்ளே போனால் நான்கு வருடப் பணத்தை ஒரே தடவையில் கட்டினால்தான் அந்த விலை, அதற்கப்புறம் புதுப்பிக்கும்போது கிட்டத்தட்ட மூன்று மடங்கு. முகவரிக்குப் பக்கத்தில் பூட்டுச் சின்னம் வருவதற்கான சான்றிதழைத் தனி விலை போட்டு பில்லில் சேர்த்திருந்தார்கள். ஃபோன் போட்டுக் கேட்டால் அது கட்டாயம் மேடம் என்றார் எதிர்முனையில் இருந்தவர். கட்டாயம்தான், ஆனால் லெட்ஸ் என்க்ரிப்ட் என்ற அமைப்பு அதை வருடக்கணக்காக இலவசமாகக் கொடுக்கிறது, பெரும்பாலான ஹோஸ்டிங் பேனலில் ஒரு பொத்தானை அழுத்தினாலே வந்துவிடும். வாங்கும்போது முதல் வருட விலையைப் பார்க்காதீர்கள், புதுப்பிக்கும் விலையைக் கேளுங்கள்.

சரி, தமிழுக்கு வருகிறேன். வேர்ட்பிரஸ் ஆங்கிலத்தில் எழுதுகிறவரை மனதில் வைத்துச் செய்தது, அது தெரியாமல் உள்ளே போனால் இரண்டு மூன்று இடத்தில் தடுக்கும்.

முதல் தடுக்கல் முகவரி. இடுகைக்குத் தமிழில் தலைப்பு வைத்தால் அதையே எடுத்து வேர்ட்பிரஸ் முகவரியாக்கும். ‘பெரியம்மா வீட்டு மாடிப்படி’ என்று ஒரு கதை. வெளியிட்டுவிட்டு முகவரியைப் பார்த்தால் ‘பெரியம்மா-வீட்டு-மாடிப்ப’ என்று பாதியில் நிற்கிறது. நான் ஏதோ தப்பாக அழுத்திவிட்டேன் என்று நினைத்து நான்கு தடவை திரும்பச் செய்தேன். காரணம் கணக்கில் இருக்கிறது. யூனிகோடில் க ஒரு குறி, அதன்மேல் வரும் புள்ளி இன்னொரு குறி, கொம்பும் காலும் துணைக்குறியும் எல்லாம் அப்படித்தான். ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட் (கணினி சேமிக்கும் சிறு அலகு). முகவரியில் போகும்போது ஒவ்வொரு பைட்டும் சதவீதக் குறியோடு சேர்த்து மூன்று எழுத்தாக விரியும், ஆக ஒரு தமிழ்க் குறிக்கு ஒன்பது எழுத்து. வேர்ட்பிரஸ் இதற்கு ஒதுக்கியிருப்பது 200 எழுத்து. ஆங்கிலத்துக்கு அது தாராளம், நமக்கு இருபத்திரண்டு குறியோடு சரி. மாடிப்படியில் ‘டி’ ஏறாமல் நின்றது இதனால்தான். அதோடு இந்த முகவரியை வாட்ஸாப்பில் அனுப்பினால் பலருக்கும் ஒரு முழம் நீளத்துக்குச் சதவீதக் குறியாகத்தான் போகும், திறக்கவே யோசிப்பார்கள். நான் இப்போது ஒவ்வோர் இடுகையிலும் ஸ்லக் என்கிற பெட்டியில் ஆங்கில எழுத்தில் சின்னதாக நானே ஒரு பெயர் அடித்துவிடுகிறேன். வெளியிட்டபின் மாற்றினாலும் பரவாயில்லை, இடுகையின் பழைய முகவரிக்கு வருகிறவரை வேர்ட்பிரஸே புதிய முகவரிக்குத் திருப்பிவிடும். இதைக் கண்டுபிடித்த அன்று எனக்கு அத்தனை நிம்மதி.

இரண்டாவது எழுத்துரு. நீங்கள் எடுக்கிற தீம் மாதிரிப் படத்தில் அவ்வளவு அழகாக இருக்கும், அந்த அழகில் பாதி அதன் ஆங்கில எழுத்துரு. அதில் தமிழ் எழுத்து இருக்காது, அதனால் பிரௌசர் வாசகரின் கருவியில் என்ன இருக்கிறதோ அதைப் போட்டுக் காட்டும். விண்டோஸில் நிர்மலா, ஆண்ட்ராய்டில் நோட்டோ, ஆப்பிளில் சங்கம். ஒரே கதை மூன்று வீட்டில் மூன்று முகத்தோடு போய் நிற்கும். 2024 ஏப்ரலில் வந்த 6.5 பதிப்பிலிருந்து எழுத்துரு நூலகம் என்று ஒன்றை எடிட்டருக்குள்ளேயே சேர்த்திருக்கிறார்கள், இந்த மென்பொருளில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி அதுதான். கூகுள் எழுத்துருக்களில் தேடி எடுத்தால் அந்தக் கோப்பு உங்கள் தளத்திலேயே வந்து உட்கார்ந்துகொள்ளும், ஒரு வரி நிரல் எழுத வேண்டாம். கதைக்கு நோட்டோ செரிஃப் தமிழ், தலைப்புக்கு முக்த மலர் வைத்திருக்கிறேன். கேட்டமரன், மீரா இனிமை, ஹிந்த் மதுரை எல்லாமே போட்டுப் பார்த்தேன், அதற்கே ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது, ஆனால் நீண்ட கதையைக் கண் வலிக்காமல் படிக்க எனக்கு நோட்டோ செரிஃப்தான் பொருந்தியது. சாதாரணம், தடிமன் இரண்டை மட்டும் எடுங்கள், ஒன்பது வகையையும் ஏற்றினால் ஃபோனில் பக்கம் திறக்க நேரமாகும்.

கையோடு வரி இடைவெளியையும் கூட்டுங்கள். ஆங்கிலத் தலைப்புக்கு எழுத்தின் அளவைப்போல் 1.2 மடங்கு போதும். நமக்கு மேலே கீ, கீழே ழூ என்று எழுத்து இரண்டு பக்கமும் நீளுவதால் இரண்டு வரித் தலைப்பில் மேல்வரியின் கால் கீழ்வரியின் தலையில் இடிக்கும். தலைப்புக்கு 1.5, கதைக்கு 1.8 வைத்ததும் பக்கம் மூச்சு விட்டது. சில தீம்களில் தலைப்பு எழுத்துகளை நெருக்கியும் வைத்திருப்பார்கள், அந்த எழுத்து இடைவெளி அமைப்பைப் பூஜ்யமாக்கிவிடுங்கள்.

முகப்பில் வரும் சுருக்கத்துக்குக் கதையின் முதல் 55 வார்த்தையைத் தானாக வெட்டிப்போடும். தமிழ் வார்த்தை நீளம், ஃபோனில் அது பாதித் திரையை அடைத்துக்கொள்கிறது, வாக்கியமும் நடுவில் அறுந்து நிற்கிறது. ஒவ்வொரு கதைக்கும் இரண்டு வரி நானே எழுதினேன். கவிஞர்களுக்கு ஒரு தகவல்: என்டர் தட்டினால் புதுப் பத்தியாகி வரிகள் விலகிப் போகும், எடிட்டரில் வெர்ஸ் என்ற பிளாக்கை (எழுதும் பெட்டியில் ஒரு வகை) எடுங்கள், அடித்த வரியும் விட்ட இடமும் அப்படியே நிற்கும்.

கூடுதல் வசதிக்காகச் சேர்க்கும் ப்ளகின் விஷயத்தில் கையைக் கட்டிக்கொள்வது நல்லது. ஆர்வத்தில் பதினான்கு போட்டேன், தளம் நகரவே இல்லை, இப்போது மூன்றுதான். காப்புநகல் எடுக்க ஒன்று, தொடர்புப் படிவத்துக்கு ஒன்று, குப்பை மின்னஞ்சலைத் தடுக்க ஒன்று.

இத்தனைக்கும் பிறகு நான் இதை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதற்குக் காரணம், கருவிகள் பகுதியில் இருக்கிற ஏற்றுமதி என்ற ஒரே ஒரு பொத்தான். அழுத்தினால் என் கதை அத்தனையும் ஒரே கோப்பாகக் கைக்கு வரும் (படங்கள் மட்டும் அதில் வராது, அவற்றைத் தனியாக எடுத்து வைக்க வேண்டும்). நாளைக்கு ஹோஸ்டிங் நிறுவனம் விலையை ஏற்றினாலும், மூடிவிட்டே போனாலும், அந்தக் கோப்பை எடுத்துக்கொண்டு வேறு இடத்தில் போய் இறங்கலாம். ஒன்பது கதையைத் தொலைத்துத் தேடியவளுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்லத் தேவையில்லை.

எல்லாருக்கும் இது வேண்டுமா என்றால், வேண்டாம். படம், இரண்டு பத்தி அறிமுகம், புத்தகப் பட்டியல், எங்கே வாங்கலாம் என்ற விவரம், இவ்வளவுதான் தேவை என்றால் வலைப்பக்கம் எழுதும் குறிமொழியான எச்.டி.எம்.எல். கற்றுக்கொண்டு ஒரே பக்கமாக எழுதிவிடலாம், நியோசிட்டிஸ் மாதிரி இடத்தில் இலவசமாக வைக்கலாம், அப்டேட் தொல்லையும் இல்லை. வேர்ட்பிரஸ் எடுத்தால் மாதம் ஒரு முறையாவது உள்ளே போய் எல்லாவற்றையும் புதுப்பிக்க வேண்டும், பழைய ப்ளகின் வழியாகத்தான் திருடர்கள் நுழைவார்கள். தொடர்ந்து எழுதுகிறவர்கள், இருபது முப்பது கதையாவது கையில் இருப்பவர்கள் தைரியமாக இதற்கு வரலாம்.

டொமைனை ஐந்து வருடத்துக்குச் சேர்த்தே கட்டிவிட்டேன். முடிகிற தேதியைச் சமையலறை காலண்டரில் எழுதி, பாஸ்வேர்டை ஒரு கவரில் போட்டு என் மகளிடம் கொடுத்திருக்கிறேன்.