செஞ்சிக் கோட்டைக்கு ‘முதல்முறை ஏறுபவர்களுக்கான’ மலையேற்றம்: பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

செஞ்சி ராஜகிரிக் கோட்டைக்கு ஒரு நாள் மலையேற்றம் அழைத்துச் செல்வதாக விளம்பரம் செய்த ஓர் ஏற்பாட்டாளரிடம் பணம் கட்டி, கடந்த மார்ச் மாதம் நானும் என் சித்தியும் பட்ட அவதியை இங்கே எழுதுகிறேன். சித்திக்கு ஐம்பது வயதுக்கு மேல் ஆகிறது; அதற்கு முன் அவர் எந்த மலையும் ஏறியதில்லை. மலையின் மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை. முதல்முறை ஏறுகிற ஒருவரைப் பத்திரமாக மேலே அழைத்துச் சென்று கீழே இறக்குவதற்கென்று சில ஏற்பாடுகள் உண்டு. அந்த ஏற்பாடுகளுக்காகத்தான் ஆளுக்கு 1,800 ரூபாய் கொடுத்தோம். அவற்றில் ஒன்றைக்கூட அவர்கள் செய்யவில்லை என்பதே என் புகார்.

விளம்பரத்தில் இருந்தவற்றை அப்படியே சொல்கிறேன். கோட்டை வாயில் திறந்ததும் ஏறத் தொடங்குவோம். பத்துப் பேருக்கு ஒரு வழிகாட்டி இருப்பார். எல்லோருக்கும் கடைசியில் ஒரு வழிகாட்டி வருவார். முதலுதவிப் பெட்டி, குடிநீர், காப்பீடு எல்லாம் கட்டணத்திலேயே அடங்கும். கோட்டையின் வரலாற்றை விளக்கிச் சொல்வோம். ராஜகிரி, கிருஷ்ணகிரி இரண்டு மலைகளையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம். பணத்தை ஒரு தனிநபரின் யூபிஐ எண்ணுக்கு அனுப்பச் சொன்னார்கள். ரசீது கேட்டதற்கு, வாட்ஸ்அப் குழுவில் சேர்த்திருப்பதே ரசீதுதான் என்று பதில் வந்தது. பணம் திருப்பித் தரப்படமாட்டாது என்ற நிபந்தனை, நாங்கள் பணம் கட்டி முடித்த பிறகே அந்தக் குழுவில் பதிவிடப்பட்டது.

சென்னையிலிருந்து செஞ்சி சுமார் 150 கிலோமீட்டர் தொலைவு. அதிகாலையில் புறப்பட்டுத் திண்டிவனம் வழியாகச் சென்றால் காலை உணவையும் முடித்துக்கொண்டு கோட்டை திறக்கும் நேரத்துக்குப் போய்விடலாம். எங்கள் வேன் வந்ததே ஒன்றரை மணி நேரம் தாமதமாக. பிறகு வழியெங்கும் நிறுத்தி, முன்பு சொல்லாத இடங்களிலெல்லாம் ஆட்களை ஏற்றினார்கள். கோட்டை வாயிலை அடைந்தபோது மணி பதினொன்றைத் தாண்டியிருந்தது. தாமதத்தைப் பற்றிக் கேட்டவர்களிடம், வெயில் ஏறினாலும் மேலே காற்று வரும் என்று ஏற்பாட்டாளர் சமாதானம் சொன்னார்.

இந்தத் தாமதத்தை நான் பெரிதாகப் பேசுவதற்குக் காரணம் உண்டு. ராஜகிரி ஏறத்தாழ 800 அடி உயரமுள்ள கருங்கல் மலை. அடிவாரத்தில் மர நிழல் ஓரளவு கிடைத்தாலும், மேலே போகப் போகத் திறந்த பாறையும் படிகளும்தான். மார்ச் மாதத்திலேயே அந்தப் பாறை நண்பகலுக்குள் நன்றாகச் சூடேறிவிடும். வெயில் தலையில் இறங்குவது போதாதென்று பாறையின் சூடும் கீழிருந்து அடிக்கும். போதாக்குறைக்கு, மாலைக்குள் எல்லோரும் இறங்கிவிட வேண்டும் என்பதால் பிற்பகலில் ஒரு குறிப்பிட்ட நேரத்துக்குப் பிறகு யாரையும் மேலே விடுவதில்லை. ஆகவே தாமதமாக வரும் குழு, ஓய்வெடுக்க வேண்டிய நேரத்தை விழுங்கிக்கொண்டு ஓட்டமும் நடையுமாக ஏற வேண்டியதாகிறது. பழக்கப்பட்டவர்கள் அதைச் சமாளித்துவிடுவார்கள். முதல்முறை வருபவருக்கு ஆபத்து அங்கிருந்துதான் தொடங்குகிறது.

வேனிலிருந்து இறங்கியவர்களை எண்ணிப் பார்த்தேன். நாற்பது பேருக்கு ஒரே ஒரு வழிகாட்டி. அவரும் கல்லூரியில் படித்துக்கொண்டிருக்கும் இளைஞர். பாவம், அவரையும் இந்த ஏற்பாட்டாளர் ஏமாற்றித்தான் அனுப்பியிருக்கிறார் என்றே இப்போது தோன்றுகிறது. ஏற்பாட்டாளர் அடிவாரத்திலேயே தங்கிவிட்டார். வரலாற்று விளக்கம் என்ற பெயரில் கல்யாண மகாலுக்கு முன் நிறுத்தி, “இது தேசிங்கு ராஜா கட்டின கோட்டை, எல்லாரும் போட்டோ எடுத்துக்குங்க” என்று மட்டும் அந்தத் தம்பி சொன்னார். தேசிங்கு செஞ்சியில் ஆட்சி செலுத்தியது சில மாதங்களே. 1714-இல் ஆற்காட்டு நவாபின் படையோடு மோதி மாண்டார். கோட்டையோ அவருக்குப் பல நூற்றாண்டுகள் முந்தையது. விஜயநகரத்தின் கீழும் செஞ்சி நாயக்கர்களாலும் வளர்ந்து, 1677-இல் சிவாஜியின் கைக்கு வந்தது. அவருடைய மகன் ராஜாராம் உள்ளே இருந்தபோது, முகலாயத் தளபதி சுல்பிகார் கான் ஆண்டுக்கணக்கில் முற்றுகையிட்டு 1698-இல்தான் இதைப் பிடிக்க முடிந்தது. 2025-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டில் தமிழ்நாட்டில் உள்ளது இது ஒன்றுதான். இவ்வளவு இருக்கிற இடத்தில், காசு வாங்கிக்கொண்டு ஒரு வரியில், அதுவும் தவறாகச் சொல்லி முடித்தது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தந்தது.

ஏறத் தொடங்கிய சிறிது நேரத்திலேயே குழு சிதறியது. வழிகாட்டி வேகமாக ஏறும் இளைஞர்களோடு முன்னால் போய்விட்டார். கடைசியில் வருவதற்கு யாரும் இல்லை. பாதி வழியில், இரண்டு மதில்களுக்கு இடையே படி வளைந்து திரும்பும் ஓரிடத்தில் சித்தி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். முகம் வெளிறி, கைகளில் மயிர்க்கூச்செறிந்து, அந்த வெயிலிலும் “குளிருதுடி” என்றார். உட்கார வைத்ததும் வாந்தி எடுத்தார். எங்களிடம் இருந்த தண்ணீர் ஏறக்குறைய தீர்ந்திருந்தது. தருவதாகச் சொன்ன குடிநீர், ஆளுக்கு அரை லிட்டர் பாட்டில் ஒன்றோடு முடிந்துபோயிருந்தது. பிஸ்கட் பொட்டலம் இருந்த பையைக் கீழே வைத்த நொடியில் குரங்கு ஒன்று அதை இழுத்துக்கொண்டு மதிலேறியது. வழிகாட்டியை அழைத்தபோது, “ஆன்டிய கொஞ்ச நேரம் உட்காரச் சொல்லுங்க அக்கா, இன்னும் அஞ்சு நிமிஷம்தான், டாப் வந்துடும்” என்றார். உண்மையில் பாதி மலை மீதமிருந்தது. உச்சிக்குச் சற்று முன்னால் ஆழமான பாறைப் பிளவு ஒன்றைச் சிறு பாலத்தின் மேல் கடக்க வேண்டும். பகைவர் ஏறிவரக் கூடாது என்பதற்காகவே விடப்பட்ட இடைவெளி அது. தலைசுற்றலோடு இருப்பவரை அந்த இடத்துக்கு அழைத்துப் போகலாம் என்று பயிற்சி பெற்ற எந்த வழிகாட்டியும் சொல்லமாட்டார்.

முதலுதவிப் பெட்டி அடிவாரத்தில் நின்ற வேனில் இருந்தது. எங்களுக்கு உதவியது, மேலிருந்து இறங்கிவந்த ஒரு குடும்பம். அவர்கள் சித்தியை மதில் நிழலில் படுக்கவைத்து, கால்களைச் சற்று உயர்த்தி, ஈரத்துணியால் கழுத்தையும் அக்குளையும் துடைத்து, தங்களிடம் இருந்த உப்பு–சர்க்கரைக் கரைசலைச் சிறிது சிறிதாகக் குடிக்கக் கொடுத்தார்கள். அரை மணி நேரத்தில் சித்திக்குத் தெளிவு வந்தது. பிறகு மெல்ல இறங்கினோம். அன்று மாலை பார்த்த மருத்துவர், இது வெப்பச் சோர்வு என்றும், வியர்வை நின்று பேச்சு குழறத் தொடங்கியிருந்தால் அது உயிருக்கே ஆபத்தான நிலை, அப்போது உடனே 108-ஐ அழைத்திருக்க வேண்டும் என்றும் சொன்னார். அந்த அறிகுறிகளை அறிந்த ஒருவர் எங்களுக்குப் பின்னால் வந்திருந்தால், சித்தி சுவரைப் பிடிக்கும் நிலை வருமுன்பே உட்கார வைத்திருப்பார்.

கிருஷ்ணகிரிக்கு யாரும் போகவில்லை; நேரமில்லை என்று சொல்லிவிட்டார்கள். மறுநாள் காப்பீட்டு விவரத்தைக் கேட்டேன். ஒருவரைக் காப்பீட்டில் சேர்க்க வேண்டுமென்றால் குறைந்தது அவருடைய முழுப்பெயரும் வயதும் வேண்டும். எங்களிடம் அவற்றை யாரும் கேட்கவே இல்லை. பாலிசி எண்ணைத் தருமாறு எழுதியபோது, “உடம்பு முடியாதவங்களைக் கூட்டிட்டு வந்தது உங்க தப்பு” என்று குரல் செய்தி அனுப்பினார்கள். மூச்சிரைப்பு, ரத்த அழுத்தம் இவற்றைப் பற்றிப் பதிவின்போது ஒரு கேள்விகூடக் கேட்காதவர்கள் இதைச் சொன்னார்கள். அடுத்த செய்தியை எழுதுவதற்குள் குழுவிலிருந்து என்னை நீக்கிவிட்டார்கள்.

2018 மார்ச்சில் குரங்கணி காட்டுத்தீயில் மலையேறச் சென்றவர்கள் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்த பிறகு, வனப்பகுதி மலையேற்றத்துக்கு அரசு தனி விதிகளை வகுத்தது. 2024-இல் வனத்துறையே ‘ட்ரெக் தமிழ்நாடு’ என்ற பெயரில் எளிது, மிதம், கடினம் என வகை பிரித்து 40 வழித்தடங்களைத் தொடங்கியது. காட்டுத்தீக் காலத்தில் அந்தத் தடங்களை மூடிவிடுகிறார்கள். நுழைவுச்சீட்டு வாங்கி ஏறும் கோட்டை மலைகளுக்கு ஆட்களைத் திரட்டும் தனியார் விளம்பரங்கள் அந்த மாதங்களில் என் கண்ணில் அதிகம் படுவதற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன். கோட்டைக்குச் சீட்டு வாங்கியவர் எவரும் போகலாம் என்பதால், அழைத்துச் செல்பவரின் தகுதியை வாயிலில் யாரும் சோதிப்பதில்லை. ஆகவே பணம் கட்டும் முன் நாம்தான் கேட்டாக வேண்டும். எத்தனை பேருக்கு எத்தனை வழிகாட்டிகள், அவர்களில் கடைசியில் வருபவர் யார், எத்தனை மணிக்குள் உச்சியை அடையாவிட்டால் திரும்பிவிடுவீர்கள் என்ற மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். மூன்றாவது கேள்விக்கு உடனடியாக ஒரு நேரத்தைச் சொல்லாதவரிடம் பணம் கட்டாதீர்கள்.

இதே போன்று ஏமாந்தவர்கள் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-ஐ அழைத்துப் புகாரைப் பதிவு செய்யலாம். அதில் தீர்வு கிடைக்காவிட்டால், 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, சம்பவம் நடந்த இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் சேவைக் குறைபாடு என்று வழக்குத் தொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரை செலுத்திய சேவைக்குப் புகார்க் கட்டணம் கிடையாது. வழக்கறிஞர் வைத்துக்கொள்ள வேண்டிய கட்டாயமும் இல்லை. விளம்பரத்தின் படம், யூபிஐ பரிமாற்றப் பதிவு, குழுவில் வந்த செய்திகள், மருத்துவரின் சீட்டு ஆகியவற்றைச் சேர்த்து நான் 1915-இல் புகார் அளித்திருக்கிறேன். அன்று எங்களோடு வேனில் வந்தவர்கள் இதைப் படித்தால், குழுவில் வந்த செய்திகளை அழித்துவிடாமல் வைத்திருந்து, தங்கள் பெயரிலும் தனித்தனியே புகார் அளிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.