உன்னிச்சைக் குளம் வரை ஒருநாள் காட்டு நடை: நேரம் தவறாவிட்டால் நிறைவான சேவை

சென்ற பங்குனி மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை, மட்டக்களப்பு நகரிலிருந்து இயங்கும் ஒரு நடைப்பயணக் குழுவினர் ஒழுங்குசெய்த ஒருநாள் பயணத்தில் நான் கலந்துகொண்டேன். வலையிறவுப் பாலத்தைக் கடந்து வவுணதீவு, ஆயித்தியமலை வழியாக, மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரைப் பகுதியான படுவான்கரையின் உட்புறம் சென்று, அங்கிருந்து காடடர்ந்த பாறைக்குன்றுகளினூடாக உன்னிச்சைக் குளக்கரை வரை நடந்து திரும்புவதே திட்டம். ஒருவருக்கு 3,500 ரூபா. வாகனமும் இரு வேளை உணவும் அதில் அடக்கம்.

அவர்கள் தெரிவுசெய்த பருவத்தை முதலில் பாராட்ட வேண்டும். மாரி மழையில் நிரம்பிய குளம் சிறுபோகம் எனும் கோடைகால நெற்செய்கைக்காகத் திறக்கப்படுவதற்கு முந்திய நாட்கள் அவை. பெரும்போக அறுவடை முடிந்த வயல்களில் வைக்கோல் வாசம் இன்னும் நின்றது. காட்டுக்குள் பாலையும் வீரையும் முதிரையும் நெருங்கி நிற்க, அவற்றின் இடையே ஆங்காங்கே கொன்றை பூத்துத் தொங்கியது.

இந்தச் சேவையின் உண்மையான பெறுமதி, அறுபது வயதைக் கடந்த அந்த ஊர் வழிகாட்டிதான். ஒற்றையடிப்பாதையில் யானை இலத்தியைக் கண்டதும் எங்களை நிறுத்தி, ஒரு தடியால் அதைப் பிளந்து, உள்ளிருந்த மரப்பட்டை நாரைக் காட்டினார். பிறகு குனிந்து புறங்கையை அருகே கொண்டுபோய்ச் சூடு இருக்கிறதா என்று பார்த்தார். பக்கத்து ஈரமண்ணில் பதிந்திருந்த அடிச்சுவட்டின் மேல் பனித்துளி விழுந்த புள்ளிகள் இருந்தன. “இது சாமத்தில போனது மனே, பயமில்லை” என்றார். எந்தக் கையேட்டிலும் கிடைக்காத அந்த அறிவுக்காகவே கட்டணத்தை இரட்டிப்பாகக் கொடுக்கலாம்.

ஆனால் அதே யானைகளின் காரணமாகவே என் முறைப்பாட்டையும் எழுத வேண்டியிருக்கிறது. காலை 5.30 மணிக்குப் புறப்படுவதாக அறிவித்தவர்கள், பின்தங்கி வந்தவர்களுக்காகக் காத்திருந்து 6.50 மணிக்கே வாகனத்தை எடுத்தார்கள். நகரத்தில் இது சிறிய தாமதம். படுவான்கரையில் அப்படியல்ல, பொழுது சாயும் வேளையில் யானைகள் தண்ணீருக்கு இறங்கும் என்பதால் மூன்று மணிக்குள் காட்டை விட்டு வெளியேற வேண்டும் என்று வழிகாட்டியே காலையில் சொல்லியிருந்தார். நாங்கள் மின்வேலியைத் தாண்டி வெளியே வந்தபோது நேரம் 4.20. கடைசி அரை மணி நேரம் யாரும் பேசவில்லை. முழங்கால் வலியோடு வந்த ஓர் அம்மாவை இருவர் கைத்தாங்கலாக அழைத்துவந்தார்கள். 22 பேருக்கு ஒரே வழிகாட்டி என்பதும் ஏற்கத்தக்கதல்ல. வரிசையின் கடைசியில் வந்தவர்களுக்கு அவர் சொன்னது காதில் விழவுமில்லை, ஆபத்து வந்தால் அவர்களைக் காக்க அருகில் எவரும் இருக்கவுமில்லை.

குளக்கரையில் கழிந்த ஒன்றரை மணி நேரம் அருமை. நீருக்குள் பட்டுநின்ற மரங்களின் உச்சியில் நீர்க்காகங்கள் சிறகை விரித்துக் காயவைத்தபடி இருந்தன. மட்டக்களப்பு நகரத்தவர் குழாயைத் திறந்து குடிக்கும் தண்ணீர் இந்தக் குளத்திலிருந்தே வருகிறது என்பதை எங்களில் பலர் அன்றுதான் அறிந்தோம். அதை அறிந்த பிறகு ஒரு பிளாஸ்ரிக் போத்தலைக்கூடக் கரையில் விட யாருக்கும் மனம் வரவில்லை. குழுவினர் ஏற்கெனவே சாக்குப்பை கொண்டுவந்திருந்தது அவர்களின் அக்கறையைக் காட்டியது. மதியத்துக்குச் சோறும் குளத்து மீன் குழம்பும், அதன் பின் மண்சட்டியில் உறைந்த எருமைத் தயிரும் தந்தார்கள். குறை சொல்ல ஒன்றுமில்லை.

திரும்பும் வழியில் ஒழுங்கமைப்பாளரிடம் இவற்றை நேரிலேயே கூறினேன். அடுத்த பயணத்திலிருந்து தாமதிப்பவர்களுக்காகக் காத்திருப்பதில்லை என்றும், வரிசையின் கடைசியில் இன்னொரு ஊரவரை அமர்த்துவதாகவும் வாக்களித்தார். செல்ல விரும்புவோர் பணம் கட்டுமுன் இந்த இரண்டையும் கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். முழுக்கை உடுப்பும் மூடிய சப்பாத்தும் அவசியம். பற்றைகளில் உண்ணி அதிகம். சித்திரைப் புத்தாண்டுக்கு முன்பே போய்வாருங்கள், அதன் பிறகு வெயிலும் ஏறிவிடும், குளமும் இறங்கத் தொடங்கிவிடும்.